ஜாமீன் நிற்கக் கம்பெனிக்கு அதிகாரம் இருக்கலாம். உங்கள் அத்தானுக்கு இருக்கிறதா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

இவரும் அக்காவின் கணவரும் சேர்ந்து 8 வருடங்களாக இட்லி மாவு அரைத்து இந்திய மளிகைக் கடைகளுக்குப் போடுகிறார்கள். கம்பெனியை ஆன்லைனில் டெலவேர் மாநிலத்தில் பதிந்திருக்கிறார்கள். தொழில் முழுக்க நியூ ஜெர்சியில். அத்தானுக்கு 60 சதவீதப் பங்கு, இவருக்கு 30, குடும்ப நண்பர் ஒருவருக்கு 10. அத்தான் பிரசிடெண்ட், இவர் செக்ரட்டரி. அத்தான், அக்கா, இவர் என மூன்று டைரக்டர்கள்.

அத்தானின் தம்பி டெக்ஸாஸில் உணவகம் திறக்கப் போகிறார். அவருடைய இரண்டரை லட்சம் டாலர் கடனுக்கு மாவு கம்பெனி ஜாமீன் நிற்க வேண்டும் என்கிறது வங்கி. 'போர்டு கூடி இதற்குத் தீர்மானம் நிறைவேற்றியது' என்று செக்ரட்டரி சான்றளிக்கும் தாள் ஒன்று இவருடைய கையெழுத்துக்காக வந்திருக்கிறது. போர்டு கூடவே இல்லை. கேட்டால், “நம் பதிவுப் பத்திரத்தில் சட்டத்துக்கு உட்பட்ட எதையும் செய்யலாம் என்றுதானே இருக்கிறது? கம்பெனிக்கு முழு அதிகாரம் உண்டு. நீ கையெழுத்து மட்டும் போடு” என்கிறார் அத்தான். திருச்சியில் ஆடிட்டராக இருக்கும் சித்தப்பாவோ, “மாவு கம்பெனி ஊரான் கடனுக்கு ஜாமீன் நிற்க முடியாது, அது தானாகவே செல்லாது, கவலைப்படாதே” என்கிறாராம்.

கூடவே மூன்று கேள்விகள். ஊர்ப் பள்ளிக் கட்டடத்துக்குக் கம்பெனிக் கணக்கிலிருந்து 25,000 டாலர் தர இவருக்கே ஆசை. ஜாமீன் செல்லாது என்றால் நன்கொடையும் செல்லாதா? வாடிக்கையாளர்களை வைத்துக் கம்பெனி பெயரில் சீட்டு நடத்தலாம் என்கிறார் அத்தான்; கூடுமா? கணக்குப் பார்த்தவர் ஓய்வு பெற்ற பிறகு டெலவேரிலிருந்து 85,000 டாலருக்கு மேல் வரி கட்டச் சொல்லி நேரடியாக நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜாமீன் செல்லுமா செல்லாதா என்பது அப்புறம். நடக்காத கூட்டம் நடந்ததாக நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதை நம்பி வங்கி கடன் தருகிறது. கடன் பெறுவதற்காக வங்கியிடம் தெரிந்தே பொய் சொல்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டு சிறை. குடும்பத்துக்குள் நடப்பதுதானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம், போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் சொல்கிறேன்.

சரி, இனி அத்தானும் சித்தப்பாவும் சொன்னதைப் பார்ப்போம். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

‘எதையும்’ என்பது எதுவரை?

சித்தப்பா படித்த சட்டம் எனக்குப் புரிகிறது. இந்தியாவில் கம்பெனியின் நோக்கங்களை மெமோராண்டம் என்ற அமைப்புப் பத்திரத்தில் எழுத வேண்டும். அதைத் தாண்டிச் செய்தது செல்லாது என்று நீதிமன்றங்கள் கண்டிப்பாகச் சொல்லி வந்திருக்கின்றன. மெட்ராஸைச் சேர்ந்த ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். தங்கள் மறைந்த தலைவரின் நினைவாக அமையவிருந்த அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்க 1955-இல் அந்த நிறுவனம் தீர்மானித்தது. காப்பீட்டுத் தொழில் அரசுடைமையானதும் எல்.ஐ.சி. அதை எதிர்த்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிறுவனத்தின் நோக்கத்துக்கு உட்படாத செலவு என்று தீர்ப்பாகி, பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு சம்பந்தப்பட்டவர்கள் தலையில் விழுந்தது. பங்குதாரர்களே கூடி ஒப்புக்கொண்ட தொகை அது. அப்படியும் காப்பாற்றவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளைப் படித்து வந்த ஆடிட்டர் உங்களிடம் வேறு எப்படிச் சொல்வார்?

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான். கம்பெனி என்பது கண்ணுக்குத் தெரியாத, தொட்டுப் பார்க்க முடியாத, சட்டத்தின் எண்ணத்தில் மட்டுமே வாழும் செயற்கை உயிர் என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், 1819-இல் டார்ட்மவுத் கல்லூரி வழக்கில். சாசனம் கொடுத்தது மட்டுமே அதற்கு உண்டு. அப்போதெல்லாம் ஒரு கம்பெனிக்கு மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றிச் சாசனம் கொடுக்கும். பாலம் கட்ட வாங்கிய சாசனத்தை வைத்துக்கொண்டு வங்கி நடத்த முடியாது. பிறகு மாநிலங்கள் பொதுச் சட்டம் கொண்டுவந்தன. அதைத் தாராளமாக்கிக் கம்பெனிகளை ஈர்ப்பதில் முந்திக்கொண்டது உங்கள் நியூ ஜெர்சிதான். டெலவேரின் பொதுச் சட்டம் 1899-இல் வந்தது. 1913-இல் உட்ரோ வில்சன் ஆளுநராக இருந்தபோது நியூ ஜெர்சி கெடுபிடிகளைக் கூட்ட, கம்பெனிகள் டெலவேர் பக்கம் சாய்ந்தன. நீங்கள் ஆன்லைனில் நாலு பட்டனை அழுத்தி அங்கே பதிந்ததன் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

இன்று டெலவேர் சட்டத்தின் 102-ஆம் பிரிவுப்படி, 'சட்டத்துக்கு உட்பட்ட எந்தச் செயலும்' என்று ஒரு வரி எழுதினால் நோக்கம் சொல்லியாகிவிட்டது. 121-ஆம் பிரிவு பொதுவான அதிகாரங்களைத் தருகிறது. 122-ஆம் பிரிவு அவற்றை வரிசையாகச் சொல்கிறது: தன் பெயரில் வழக்குப் போடலாம், தன்மீது போட்டால் எதிர்கொள்ளலாம், நிலம், வீடு, பொருள் வாங்கலாம், விற்கலாம், அடகு வைக்கலாம், ஆள் நியமித்துச் சம்பளம் கொடுக்கலாம், வேறு மாநிலத்தில் தொழில் செய்யலாம், கடன் வாங்கலாம், கொடுக்கலாம், ஜாமீன் நிற்கலாம், பொதுநலனுக்கு நன்கொடை தரலாம், உறுப்பினர் இறந்தாலும் விலகினாலும் கம்பெனி தொடர்ந்து வாழலாம். சுருக்கமாக, ஒரு மனிதர் தொழிலுக்காகச் செய்யக்கூடிய அநேகமாக எல்லாவற்றையும்.

இதைத்தான் அத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கவனிக்காதது, இந்த அதிகாரம் யாருடையது என்பதை. இது கம்பெனியுடையது. பிரசிடெண்ட் நாற்காலியில் இருப்பவருக்குச் சொந்தச் சொத்தாக எழுதிக்கொடுத்தது இல்லை. கம்பெனியின் அலுவல்களை நடத்துவது போர்டு என்கிறது 141-ஆம் பிரிவு. போர்டில் இருப்பவர்கள் கம்பெனிக்கும் எல்லாப் பங்குதாரர்களுக்கும் விசுவாசமாக நடக்கக் கடமைப்பட்டவர்கள். சட்டப்படி செய்ய முடிகிறது என்ற ஒரே காரணத்தால் நியாயமற்ற செயல் அனுமதிக்கப்பட்டதாகிவிடாது என்று டெலவேர் உச்ச நீதிமன்றம் 1971-இல், ஷ்னெல் வழக்கில் சொன்னது. உங்கள் கடிதத்துக்கான பதில் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

தம்பிக்கு ஜாமீன்

ஜாமீன் அதிகாரத்தைச் சட்டம் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். தன் தொழிலுக்குத் தேவையான அல்லது அதற்கு வசதியான ஜாமீன் என்கிறது. தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி போன்றவற்றுக்கு நின்றால் அது தன் தொழிலுக்கு நின்றதாகவே கொள்ளப்படும். டெக்ஸாஸ் உணவகம் இதில் எதுவும் இல்லை. உங்கள் மாவையும் வாங்கப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அதிகாரமே இல்லை என்று வாதாட இடமிருக்கிறது.

ஆனால் சித்தப்பா சொல்வதுபோல அது தானாகச் செல்லாமல் போகாது. இதை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பெரிய கவலை. அதிகாரம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கம்பெனியின் எந்தச் செயலும் செல்லாததாகிவிடாது என்று 124-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மூன்று இடங்களில்தான் அந்த வாதத்தை எழுப்பலாம்: பங்குதாரர் தடை கேட்டுப் போடும் வழக்கு, கம்பெனி தன் டைரக்டர்கள் அல்லது அதிகாரிகள் மீது போடும் வழக்கு, மாநில அட்டர்னி ஜெனரல் தொடுக்கும் வழக்கு. வங்கி பணத்தைக் கேட்டு வரும்போது, “எங்களுக்கு அதிகாரமே இல்லை, போய் வாருங்கள்” என்று சொல்லும் வழி மூடப்பட்டிருக்கிறது. கையெழுத்தாகிவிட்டால் உங்கள் கிரைண்டர், குளிர்பெட்டி, வேன் எல்லாம் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். நீங்கள் செய்யக்கூடியது, அத்தான்மீது நஷ்டம் கேட்பது. அல்லது ஒப்பந்தம் நிறைவேறும் முன் நீதிமன்றத்தில் தடை கேட்பது. இரண்டுமே செலவும் மனக்கசப்பும் தரும் வழிகள். இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதுதான் இன்று உங்கள் கையிலிருக்கும் பலம்.

போர்டில் நிலைமை என்ன? கூட்டம் கூட்டாமல் எழுத்துமூலம் தீர்மானம் போட வேண்டுமென்றால் எல்லா டைரக்டர்களும் சம்மதிக்க வேண்டும். நீங்கள் ஒருவர் மறுத்தாலே அந்த வழி அடைபடும். கூட்டம் கூட்டினால், பைலாவில், அதாவது கம்பெனியின் உள்விதிகளில், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அத்தானும் அக்காவும் சேர்ந்து இரண்டுக்கு ஒன்று என்று நிறைவேற்றலாம். ஆனால் தம்பியின் கடன் விஷயத்தில் அவர்கள் இருவரும் தன்னலமற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பரிவர்த்தனைகளைப் பற்றியது 144-ஆம் பிரிவு. 2025 மார்ச்சில்தான் அதைப் பெரிதாகத் திருத்தினார்கள். திருத்தத்துக்குப் பிறகும் அடிப்படை இதுதான்: எல்லா விவரமும் தெரிந்த, சொந்த ஆதாயம் இல்லாதவர்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அது கம்பெனிக்கு நியாயமானதாக இருக்க வேண்டும். பிறர் கடனுக்கு இலவசமாக, ஈடு எதுவும் வாங்காமல் ஜாமீன் நிற்பது கம்பெனிக்கு எப்படி நியாயம்? எனக்கு ஒரு பதிலும் தோன்றவில்லை.

ஊர்ப் பள்ளிக்கு நன்கொடை

இங்கே உங்களுக்கு நல்ல செய்தி. மேலே சொன்ன மெட்ராஸ் வழக்குக்கு நேர் எதிரான ஒரு வழக்கு உங்கள் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. குழாய் வால்வுகளும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களும் செய்த ஏ.பி. ஸ்மித் என்ற கம்பெனி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1,500 டாலர் கொடுத்தது. பதிவுப் பத்திரத்தில் அப்படி ஓர் அதிகாரம் எழுதப்படவில்லை என்று சில பங்குதாரர்கள் எதிர்த்தார்கள். நன்கொடை செல்லும் என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. ஆனால் இது டைரக்டர்களின் சொந்த ஆசைக்காகத் தங்களுக்குப் பிரியமான இடத்துக்குக் கொடுத்த பணமாக இல்லை என்பதையும் நீதிமன்றம் பார்த்தது. அந்தப் பகுதியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கம்பெனிக்குப் பொருந்துவது டெலவேர் சட்டம். பதிந்த மாநிலத்தின் சட்டமே உள்விவகாரங்களை ஆளும். அங்கே நன்கொடை அதிகாரம் நேராகவே எழுதப்பட்டிருக்கிறது. தொகை நியாயமான அளவில் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல் என்று கம்பெனி வழக்குகளை விசாரிக்கும் டெலவேர் சான்சரி நீதிமன்றம் 1969-இல் சொல்லியிருக்கிறது. நீங்கள் எழுதிய வருட லாபம் 1,80,000 டாலர் என்றால் 25,000 கொஞ்சம் கனமான தொகைதான். அது உங்கள் சொந்த ஊர்ப் பள்ளி என்பதால், தீர்மானத்தில் அந்த உறவை எழுதி, குடும்பத்துக்கு வெளியே இருக்கும் அந்த 10 சதவீத நண்பரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தம்பியின் ஜாமீனில் நீங்கள் அத்தானிடம் கேட்கும் ஒளிவுமறைவின்மையை உங்கள் விஷயத்தில் நீங்களும் காட்ட வேண்டும்.

பணம் போய்ச் சேரும் இடத்தில் வேறொரு தடை. இந்தியாவில் உள்ள அறக்கட்டளை வெளிநாட்டுக் கம்பெனியின் பணத்தை வாங்க வேண்டுமென்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையில் பதிந்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பள்ளியிடம் இதைக் கேட்காமல் அனுப்பினால் சிக்கல் அவர்களுக்கு. உங்களிடம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் கருதப்படும். இன்னொன்று: இந்திய அறக்கட்டளைக்கு நேரடியாகக் கொடுத்தால் கம்பெனிக்கு அமெரிக்க வருமான வரியில் கழிவு கிடைக்காது. கழிவு வேண்டுமென்றால் அமெரிக்காவில் பதிவான தொண்டு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும்.

சீட்டு

வேண்டாம். இவ்வளவு தாராளமாக அதிகாரம் கொடுக்கும் டெலவேர் சட்டம் 126-ஆம் பிரிவில் ஒன்றைக் கறாராக மறுக்கிறது: பணத்தை டெபாசிட்டாக வாங்கும் தொழிலை இச்சட்டப்படி அமைந்த கம்பெனி செய்யக் கூடாது. நம் வீடுகளில் சீட்டுப் பணம்தான் கல்யாணத்துக்கும் கல்லூரிக்கும் கைகொடுத்தது, தெரியும். ஆனால் கம்பெனி பெயரில் மாதாமாதம் பலரிடம் பணம் வாங்கி வைத்துக்கொள்வது இந்தத் தடைக்கு மிக அருகில் போகிறது. அதோடு, பணப் பரிமாற்ற உரிமம் தொடர்பான மாநில, கூட்டாட்சிச் சட்டங்களும் குறுக்கே வரும்.

டெலவேர் நோட்டீஸ்

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். உங்கள் பத்திரத்தில் ஒரு கோடிப் பங்குகள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. பங்குகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் ஃபிரான்சைஸ் வரி, அதாவது அங்கே பதிந்த கம்பெனி வருடாவருடம் டெலவேருக்குக் கட்டும் வரி, 85,165 டாலர் வரும். நோட்டீஸில் இருப்பது அதுதான். சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடும் இன்னொரு முறையையும் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் மொத்தச் சொத்து 6 லட்சம் டாலர், பங்குகளில் பெரும்பகுதி ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது என்றால் அந்த முறையில் குறைந்தபட்சத் தொகையான 400 டாலரே வரும். ஆண்டறிக்கைக் கட்டணம் 50 டாலர் தனி. முந்தைய வருடங்களில் உங்கள் அக்கவுண்டன்ட் இப்படித்தான் கட்டியிருப்பார். கெடு மார்ச் 1. தவறினால் 200 டாலர் அபராதமும் மாதம் ஒன்றரை சதவீத வட்டியும். ஒரு வருடம் கட்டாமல் விட்டால் கம்பெனியின் சாசனமே செல்லாததாகிவிடும். மேலே சொன்ன அத்தனை அதிகாரமும் அதோடு போகும். திரும்ப உயிர்ப்பிக்கத் தனி விண்ணப்பம் போட வேண்டும். இதோடு, நியூ ஜெர்சியில் தொழில் செய்யச் சான்று வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பாக்கி வைத்த கடைக்காரர்மீது அங்குள்ள நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது.

இனி என்ன செய்யலாம்?

அத்தானிடம் முடியாது என்று மட்டும் சொல்லாமல் மாற்று வழிகளோடு போங்கள். லாபத்தை டிவிடெண்டாகப் பிரித்தால் 60 சதவீதம் அவருக்கு வரும். அதைத் தம்பிக்குக் கொடுப்பது அவர் விருப்பம். அல்லது அவர் கம்பெனி அதிகாரி என்ற முறையில் அவருக்கே கடன் கொடுக்க 143-ஆம் பிரிவு இடம் தருகிறது, அது கம்பெனிக்கு நன்மை தரும் என்று போர்டு கருதினால். பத்திரம், தவணை, வட்டி மூன்றும் வேண்டும். 10,000 டாலருக்கு மேல் வட்டியில்லாமல் கொடுத்தால் வரித்துறை தானே ஒரு வட்டியைக் கற்பித்துக்கொள்ளும். ஜாமீன்தான் வேண்டும் என்றால் தொகைக்கு உச்சவரம்பு, தம்பியிடமிருந்து ஈடு, மூன்று பங்குதாரர்களின் எழுத்துச் சம்மதம் ஆகியவை இருக்க வேண்டும். அப்போதும் நான் உங்களைச் சம்மதிக்கச் சொல்ல மாட்டேன்.

அவர்கள் கூட்டம் போட்டு நிறைவேற்ற முனைந்தால் எதிர்த்து வாக்களித்து, காரணத்தோடு மினிட்ஸில் (கூட்டக் குறிப்பேட்டில்) பதியச் சொல்லுங்கள். டைரக்டர் என்ற முறையில் கணக்குகளைப் பார்க்க 220-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. பங்குதாரராகவும், உறுதிமொழியோடு எழுத்தில் கேட்டால், தருகிறது. ஒரு பலவீனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் பதிந்த சிறு கம்பெனியாக இருந்தால், பெரும்பான்மையினர் அடக்குமுறை செய்கிறார்கள் என்று சொல்லிப் பரிகாரம் கேட்கத் தனிச் சட்டப்பிரிவு இருக்கிறது. டெலவேரில் சிறுபான்மைப் பங்குதாரருக்கு அப்படியொரு தனிப் பாதுகாப்பு இல்லை; நீதிமன்றமாக அதை உருவாக்கித் தரவும் மாட்டோம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1993-இல் மறுத்துவிட்டது. ஆகவே நாளைக்கு விலக நேர்ந்தால் உங்கள் 30 சதவீதத்தை என்ன விலைக்கு யார் வாங்குவது என்ற ஒப்பந்தத்தை, உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். வக்கீலைப் பார்க்கும்போது கம்பெனி வக்கீலிடம் போகாதீர்கள்; அவருடைய கட்சிக்காரர் கம்பெனி. உங்களுக்கென்று ஒருவர், டெலவேர் சட்டம் தெரிந்தவராக வேண்டும். பத்திரங்களையும் பைலாவையும் பார்க்காமல் நான் எழுதியதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் அக்காவோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கடிதம் முழுவதும் அவரைப் பற்றி, “அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள்” என்று ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவரும் டைரக்டர். கணவர் சொன்னார் என்பதற்காகக் கையைத் தூக்கினாலும் அதற்கான பொறுப்பு அவருடைய பெயரிலும் வரும். வங்கியிலிருந்து வந்த அந்தத் தாளை எடுத்துப் போய், ஒவ்வொரு வரியாக அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள்.